பயிற்சி முடிந்ததும் பச்சைத் தண்ணீர்: எந்த நாளில், எவ்வளவு நேரம்?

கேள்வி இதுதான்: "நான்கு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். வாரத்தில் மூன்று நாள் எடைப் பயிற்சி, ஒரு நாள் நீண்ட ஓட்டம். காலுக்குப் பயிற்சி செய்தால் மறுநாள் படி இறங்க முடியவில்லை. முடித்த கையோடு குளிர்ந்த தண்ணீரில் குளித்தால் தசை சீக்கிரம் தேறிவிடும் என்கிறார்கள். ஷவரே போதுமா, ஐஸ் போட்டுத் தொட்டியில் உட்கார வேண்டுமா? எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்? தினமும் செய்யலாமா? தண்ணீரைக் குளிரவைக்கும் தொட்டி ஒன்று வாங்கலாம் என்றும் யோசிக்கிறேன்."

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு வாங்காதீர்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

படி இறங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற முடியவில்லை என்று எழுதவில்லை. அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. படி இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. ஸ்குவாட்டில் கீழே உட்காரும்போதும், சரிவில் ஓடி இறங்கும்போதும் அது செய்வது இதே வேலையைத்தான். இப்படி நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போதுதான் தசை நார்களில் நுண்ணிய சேதம் அதிகமாகிறது. அதைச் சரிசெய்ய உடம்பு அங்கே ஒரு சிறிய அழற்சியைக் கிளப்புகிறது. வலி உடனே வருவதில்லை. மறுநாள் தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாகவே அடங்குகிறது.

லாக்டிக் அமிலம் தேங்கிப்போனதால் வலிக்கிறது, குளிர்ந்த தண்ணீர் அதைக் கழுவிவிடும் என்று ஜிம்மில் யாராவது சொல்லியிருப்பார்கள். பயிற்சியில் ரத்தத்தில் ஏறிய லாக்டேட் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் காலை உங்கள் தொடை வலிக்கும்போது கழுவுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

அப்படியானால் குளிர் என்னதான் செய்கிறது? தோலிலும் அதற்கு அடியிலும் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நரம்புகள் செய்தி கடத்தும் வேகத்தைக் குறைக்கிறது. வலி மட்டுப்படுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். மூன்றாவது, குளிருக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று: தண்ணீரின் அழுத்தம். 40 சென்டிமீட்டர் ஆழத்தில் தண்ணீர் உங்கள் காலை ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்துகிறது. மருத்துவர்கள் கால் வீக்கத்துக்குப் போடச் சொல்கிறார்களே இறுக்கமான காலுறை, கிட்டத்தட்ட அந்த அளவு. வீக்கம் குறைய இது உதவுகிறது. ஷவரில் இது கிடைக்காது.

இந்த மூன்றிலும் 'தசையைச் சரிசெய்தல்' என்ற வேலை இல்லை என்பதைக் கவனியுங்கள். குளிர்ந்த தண்ணீர் வலியை அமுக்குகிறது. தைக்கிற வேலையை உடம்பு தன் வேகத்தில்தான் செய்கிறது. இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் எந்த நாளில் தண்ணீருக்குள் இறங்குவது, எந்த நாளில் விடுவது என்பது தானாகவே பிடிபடும்.

ஆய்வுகளுக்கு வருவோம். 2012-ல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பு 17 சிறிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 366 பேர். பயிற்சிக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் குளிர்ந்த நீரில் உட்கார்ந்தவர்களுக்கு அடுத்த நான்கு நாட்களிலும் வலி குறைவாக இருந்தது. ஆக, வலி குறைகிறது என்பது வெறும் பேச்சில்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல். மாத்திரை ஆய்வென்றால் வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்தவருக்கு, தான் ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரியாமல் போகுமா? 2014-ல் மெல்பர்னில் ஒரு குழு இதற்கு நல்ல தந்திரம் ஒன்று செய்தது. கடும் பயிற்சிக்குப் பிறகு ஒரு பிரிவினரை 10 டிகிரி நீரில் 15 நிமிடம் உட்காரவைத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு உடம்புச் சூட்டை ஒட்டிய வெதுவெதுப்பான நீர். மூன்றாவது பிரிவுக்கும் அதே வெதுவெதுப்பான நீர்தான். ஆனால் அதில் சாதாரணத் தோல் சோப்புத் திரவத்தை ஊற்றி, தசை தேறுவதற்கான விசேஷ எண்ணெய் என்று நம்பவைத்தார்கள். கால் பலம் திரும்பியதில் அந்த 'எண்ணெய்'க் கூட்டம் குளிர்நீர்க் கூட்டத்துக்குச் சளைக்கவில்லை. வெறும் வெதுவெதுப்பில் உட்கார்ந்தவர்கள்தான் பின்தங்கினார்கள்.

அடுத்தது உங்களுக்கு இன்னும் முக்கியம். 2015-ல் ஆஸ்திரேலியாவில் 12 வாரம் நடந்த ஆய்வு. எல்லாருக்கும் ஒரே எடைப் பயிற்சி. முடிந்ததும் ஒரு பாதி 10 டிகிரி நீரில் 10 நிமிடம் உட்கார்ந்தது. மறுபாதி சைக்கிளை மெதுவாக மிதித்தது. 12 வாரம் கழித்து அளந்தபோது தசை வளர்ச்சியிலும் பலத்திலும் தண்ணீர்க் கோஷ்டிதான் குறைவு. 2020-ல் நெதர்லாந்தில் இன்னும் நேரடியாகவே பார்த்தார்கள்: ஒரே ஆளின் ஒரு கால் 8 டிகிரி நீரில், மறு கால் 30 டிகிரி நீரில், 20 நிமிடம். குளிரில் இருந்த காலின் தசை, சாப்பிட்ட புரதத்தைத் தசையாகக் கட்டும் வேலையைக் குறைவாகச் செய்தது. சாப்பாடும் தூக்கமும் மரபும் எல்லாம் இரண்டு காலுக்கும் பொதுதானே! அதனால்தான் எனக்கு இந்த ஆய்வின் மேல் தனி மதிப்பு.

ஆகவே உங்கள் கணக்கு இப்படி வருகிறது. எடை தூக்கும் மூன்று நாளும் நீங்கள் தூக்குவது எதற்கு? தசை வளரத்தானே. அன்று தண்ணீர்த் தொட்டி வேண்டாம். காசு கொடுத்து ஜிம்மில் கிளப்பிவிட்ட வேலையை வீட்டுக்கு வந்து நாமே அணைப்பானேன்? நீண்ட ஓட்டத்தன்று தாராளமாக இறங்கலாம். ஓட்டம், சைக்கிள் போன்ற தாக்குப்பிடிக்கும் பயிற்சியின் பலனைக் குளிர்நீர் இப்படிக் கெடுப்பதாகத் தெரியவில்லை. குளிர்நீருக்கு உண்மையிலேயே தகுந்த நேரம் இன்னொன்று இருக்கிறது: இன்று ஒரு போட்டி, நாளை மறுபடி ஒரு போட்டி. அங்கே தசை வளர்வதா முக்கியம்? நாளைக்குக் கால் எழும்ப வேண்டும், அவ்வளவுதான். வலியை அமுக்கினாலே வேலை முடிந்தது. விளையாட்டு வீரர்கள் ஐஸ் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் படங்களைப் பார்க்கும்போது அவர்களுடைய போட்டி அட்டவணையையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அந்த அட்டவணை இல்லை.

எடை தூக்கிய அன்றும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்துப் பழக்கம் என்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. மேலே சொன்ன ஆய்வுகள் தசை உள்ளே வரை குளிரும்படி நிமிடக் கணக்கில் முங்கி உட்கார்ந்ததைப் பற்றியவை. உடம்பு கழுவும் நேரத்துக்கு ஷவரில் நிற்பது தொடைத் தசையின் உட்புறத்தைத் தொடுவதே இல்லை. தோல் சிலிர்க்கும், அத்தோடு சரி. அதனால்தான் ஷவரே போதுமா என்ற உங்கள் கேள்விக்கு, தசைக்கென்று கேட்டால் போதாது என்பேன். ஆனாலும் ஷவரில்தான் தொடங்க வேண்டும் என்பேன். காரணம் மூச்சு.

அதைச் சொல்வதற்கு முன், யார் தொடங்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதய நோய், சீரற்ற இதயத் துடிப்பு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குளிர் பட்டால் விரல் வெளுத்து மரத்துப்போகிறவர்கள், குளிர் பட்டால் தோல் தடித்து அரிக்கிறவர்கள், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் – இவர்களெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. காலில் ஆறாத புண் இருந்தாலும் அப்படியே. மது அருந்தியிருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

குளிர்ந்த தண்ணீர் திடீரென்று மேலே பட்டதும் ஹக்கென்று மூச்சை உள்ளே இழுக்கிறோமே, அது நம் கையில் இல்லை. தோலில் உள்ள குளிர் நரம்புகள் நேரடியாக மூளைத்தண்டைத் தட்டி எழுப்புகின்றன. மூச்சு தாறுமாறாகிறது, இதயம் வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது. முதல் அரை நிமிடத்தில் இது உச்சம். இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். ஆழமான தண்ணீரில் விழுந்தவர்கள் உடம்பு விறைத்துப் போவதற்கு முன்பே மூழ்குவது பெரும்பாலும் இந்த முதல் மூச்சில் தண்ணீர் உள்ளே போவதால்தான். நல்ல செய்தி என்னவென்றால் இது பழகும். ஐந்தாறு முறை சில நிமிடம் குளிர்நீரில் இருந்து பழகியவர்களுக்கு இந்த அதிர்ச்சி ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைத் தொட்டிக்குள் உட்கார்ந்து கற்றுக்கொள்வதைவிட, கை எட்டும் தூரத்தில் குழாய் இருக்கும் ஷவரில் கற்றுக்கொள்வது மேல்.

முதல் வாரம் வழக்கம்போல் வெதுவெதுப்பாகக் குளியுங்கள். முடிக்கும்போது குழாயைக் குளிர்ந்த பக்கம் திருப்பி, தண்ணீர் முதலில் பாதத்தில் விழட்டும். பிறகு முழங்கால், தொடை, கை. நெஞ்சும் முதுகும் கடைசி. தலையை இப்போது விட்டுவிடுங்கள். தண்ணீர் தொடைக்கு ஏறும் அந்த நொடியில் பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். அதற்கு நேர்மாறாக, சூடான காப்பியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது தானாக நடக்கும். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருக்கும், இறக்கிவிடுங்கள். முப்பது வினாடி போதும். ஒரு முழு வாக்கியத்தைத் திக்காமல் சத்தமாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அடுத்த முறை பதினைந்து வினாடி கூட்டலாம். முடியாவிட்டால் அதே முப்பதில் நில்லுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இரண்டு நிமிடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

ஷவரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். 2016-ல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வில் 3018 பேர் கலந்துகொண்டார்கள். சூடாகக் குளித்துவிட்டுக் கடைசியில் 30, 60 அல்லது 90 வினாடி குளிர்நீர், ஒரு மாதம். அப்படிக் குளித்தவர்கள் உடம்பு சரியில்லை என்று வேலைக்கு லீவு போட்டது 29 சதவீதம் குறைந்தது. உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்கள் குறையவில்லை! சளி அதே சளிதான். ஆனாலும் எழுந்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். 30 வினாடிக்கும் 90 வினாடிக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. நான் ஷவரில் யாரையும் நீண்ட நேரம் நிற்கச் சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சு வசப்பட்ட பிறகு தொட்டி. இதற்கு முன் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். கை விட்டுப் பார்த்துக் குளிரை மதிப்பிடுகிறேன் என்பவர்களில் நானும் ஒருவன்தான். ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு, பரவாயில்லை, தாங்குகிறது என்று உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது கால்விரல்கள் என்னுடையவையாகவே இல்லை. அன்று முழுவதும் ஊசி குத்தியது. பின்னொரு நாள் அதே அளவு ஐஸ் போட்டு அளந்து பார்த்தேன்: 6 டிகிரி.

உங்களுக்குத் தேவைப்படுவது 11 முதல் 15 டிகிரி. 11 முதல் 15 நிமிடம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் வலிக்கு நன்றாக வேலை செய்தது இந்த அளவுதான். எண்கள் ஒன்றாக இருப்பதால் மறக்கவும் மறக்காது. அதற்காக முதல் நாளே அங்கே போகாதீர்கள். 20 டிகிரியில் ஐந்து நிமிடம் தொடங்குங்கள். அடுத்த முறை 18, பிறகு 16. நேரத்தையும் குளிரையும் ஒரே நாளில் கூட்ட வேண்டாம், ஏதாவது ஒன்று. 10 டிகிரிக்குக் கீழே போவதால் வலி இன்னும் குறைவதாகத் தெரியவில்லை, வீரம் வேண்டுமானால் கிடைக்கும்.

எவ்வளவு ஐஸ் வேண்டும் என்று எல்லாரும் தோராயமாக அள்ளிக் கொட்டுகிறார்கள். கணக்கு எளிது. 100 லிட்டர் தண்ணீரில் ஒரு டிகிரி குறைக்க ஏறத்தாழ ஒரு கிலோ ஐஸ். குழாயில் வருவது 25 டிகிரி, உங்களுக்கு வேண்டியது 15 என்றால் 100 லிட்டருக்குப் பத்து கிலோவுக்குச் சற்று மேல். 18-ல் வருகிறது என்றால் மூன்று நான்கு கிலோவோடு முடிந்தது. ஐஸைப் போட்டதும் அளக்காதீர்கள். நன்றாகக் கலக்கி, கட்டி பெரும்பாலும் கரைந்த பிறகு, தொட்டியின் நடுவில் தெர்மாமீட்டரை வையுங்கள். குளிர்ந்த நீர் அடியில் தங்கும். மேல்மட்டத்தில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

இடுப்பு வரை தண்ணீர் இருந்தால் போதும். கால் வலிக்காக இறங்கியவர் கழுத்து வரை முங்குவானேன்? இறங்கும்போது பாதம், முழங்கால் என்று நிதானமாக, குதிக்க வேண்டாம். மேலே பனியன் இருக்கட்டும். முதல் நிமிடம் மோசமாக இருக்கும், அப்போது ஊதும் மூச்சை நினைவில் வையுங்கள். மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு ஓர் ஆச்சரியம்: அசையாமல் இருந்தால் குளிர் குறைந்ததுபோல் இருக்கும். தோலை ஒட்டி மெல்லியதாக ஒரு சூடான நீர்ப்படலம் உருவாகிவிடுகிறது. காலைக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள், படலம் கலைந்து சுருக்கென்று குத்தும். தொடக்கத்தில் அசையாமல் இருங்கள். பழகியபின் அவ்வப்போது ஆட்டுங்கள். கால்விரல் மட்டும் தாங்கவில்லை என்றால் பாதத்தைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிவைத்துக்கொள்ளலாம். வலிப்பது தொடைதானே.

இறங்குவதற்கு முன்போ உள்ளே இருக்கும்போதோ வேக வேகமாக மூச்சிழுத்து விடும் பயிற்சிகளைச் செய்யாதீர்கள். அதில் கரியமில வாயு குறைந்து நினைவு தப்பலாம். தண்ணீருக்குள் நினைவு தப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் சில முறை வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும், கதவைத் தாழிடாதீர்கள். நெஞ்சில் வலியோ படபடப்போ வந்தால், தலை சுற்றினால், நாக்கு குழறினால், நிறுத்த முடியாதபடி உடம்பு நடுங்கினால், தோல் வெளுத்து மரத்துப்போனால் நேரத்தைப் பார்க்காமல் வெளியே வாருங்கள். தோல் சிவப்பது சாதாரணம்.

வெளியே வந்ததும் துடைத்து உலர்த்தி, உலர்ந்த உடை போட்டு, மெல்ல நடமாடுங்கள். ஐந்து பத்து நிமிடம் கழித்து நடுக்கம் வரலாம். வெளியே வந்த பிறகும் உடம்பின் உட்புறம் கொஞ்ச நேரம் குளிர்ந்துகொண்டேதான் போகும், பயப்பட வேண்டாம். உடனே கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நிற்கப் போகாதீர்கள். சுருங்கியிருந்த ரத்தக் குழாய்கள் திடீரென்று விரிந்து மயக்கம் வரலாம். குளிர்ந்த தசைக்கு வேகமும் பலமும் குறைவு என்பதால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு ஓடுவது, குதிப்பது, எடை தூக்குவது எதுவும் வேண்டாம்.

சூடும் குளிரும் மாற்றி மாற்றிக் குளிப்பதைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். சும்மா இருப்பதற்கு அது மேல். குளிர்நீரை விஞ்சுகிறது என்று சொல்லும்படி இல்லை. பிடித்திருந்தால் செய்யுங்கள்.

தினமும் செய்யலாமா? ஷவரில் இரண்டு நிமிடம் என்றால் தினமும் செய்யலாம், புத்துணர்ச்சிக்காக. தொட்டி உங்கள் அட்டவணைக்கு வாரத்தில் ஒரு நாள், ஓட்டத்தன்று மட்டும். ஓடி முடித்து, கொஞ்சம் நடந்து, தண்ணீர் குடித்து, மூச்சு நிதானப்பட்ட பிறகு, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் சரி. எடை தூக்கிய மறுநாளின் படி வலிக்கு என் யோசனை வேறு. ஸ்குவாட்டின் எண்ணிக்கையைத் திடீரென்று ஏற்றாமல் வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். மறுநாள் அரை மணி நேரம் நடங்கள். ஒரே பயிற்சியைத் திரும்பச் செய்யும்போது தசை அந்தச் சேதத்துக்குத் தானாகவே பழகிக்கொள்கிறது. இரண்டாம் முறை வலி நன்றாகவே குறையும். நான்கு மாதம் ஆகியும் ஒவ்வொரு முறையும் படி இறங்க முடியவில்லை என்றால், தொட்டியைவிட உங்கள் பயிற்சி அட்டவணையைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஒரே பக்கம் மட்டும் வலித்தாலோ, மூட்டு வீங்கினாலோ, ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ அது இந்த வலியில்லை. மருத்துவரிடம் போங்கள், கடைசியாகச் சொன்னது இருந்தால் அன்றைக்கே.

இப்போது வாங்கும் விஷயம். நான்கு நீண்ட ஓட்டம் வரட்டும். இரண்டுக்கு ஐஸ் போட்ட தொட்டி, இரண்டுக்கு வெறும் நடை, மாற்றி மாற்றி. ஒவ்வொன்றுக்கும் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் காலையில் முதல் படியில் இறங்கும்போது வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று போனில் குறித்துவையுங்கள். மெல்பர்ன் 'எண்ணெய்' உங்களையும் கொஞ்சம் ஏமாற்றும்தான், ஏமாற்றட்டும். எட்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஐஸ் தூக்கிச் சுமந்ததற்குத் தகுந்த வித்தியாசம் உங்கள் கண்ணுக்கே தெரிந்தால், அப்போது எந்தத் தொட்டி என்று கேளுங்கள், சொல்கிறேன்.